அரியாலைக்கு வந்து சேராத அறிவித்தல்

யாழ்ப்பாண நகரத்தை விட்டுக் கண்டி வீதியால் கிழக்கே புறப்படுபவன் செம்மணி வெளியை அடையுமுன் அரியாலையைக் கடந்தாக வேண்டும். அவ்வூர் வீடுகளில், கண்ணாடி அலுமாரியின் மேற்றட்டிலே ஒரு சிறு கறுப்புப் பையை இன்று அடிக்கடி காணலாம். ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ விடுமுறைக்கு வந்த மகனோ மருமகளோ பயணப் பெட்டியிற் கொணர்ந்து கொடுத்த 'சீனி பார்க்கிற மெசின்' அதனுள் இருக்கும். விரல் நுனியிற் குத்தி, ஒரு துளி குருதியை ஒரு கீற்றில் ஏற்றினால், சில விநாடிகளில் ஓர் எண் தோன்றும். அந்த எண்ணை நம்பி ஒரு கிழவி இன்று சோறு உண்பாள். அல்லது உண்ணாது விடுவாள். இன்னொருவர் அதனை நம்பி இன்சுலினைக் கூட்டுவார், அல்லது குறைப்பார்.

எனது பெரியதாயார் வீட்டிலும் அப்படி ஒன்று லண்டனிலிருந்து வந்தது. முதல்நாட் காலையில் அது 9.4 என்று காட்டியது. பெரியதாயாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "கிளினிக்கிலை நூற்றுப் பத்துக்கு மேலை போகப்படாது எண்டவை. இது பத்துக்கும் கீழை நிக்குது, தம்பி" என்றார். அன்று மத்தியானம் மாம்பழமும் உண்டார். இங்கிலாந்திலும் கனடாவிலும் குருதிச் சீனியை லீற்றருக்கு இத்தனை மில்லிமோல் என்று அளப்பர். நம் நாட்டு ஆய்வுகூடங்கள் டெசிலீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கின்றன. முன்னதைப் பதினெட்டாற் பெருக்கினாற் பின்னது வரும். ஆகவே பெரியதாயாரின் 9.4 என்பது ஏறக்குறைய 169. மானி பொய் சொல்லவில்லை. அது வேறொரு நாட்டின் மொழியிற் பேசியது, அவ்வளவே.

பெரியதாயாருக்கு நேர்ந்த மயக்கம் கிராமத்துப் பேதைமையால் வந்ததென்று எண்ணுபவர் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. மானியொன்றைக் கீழே தவற விட்டாலோ, அதன் நேரத்தைத் திருத்தப் புகுந்தாலோ, அளவை அலகு தானாக மாறிவிடக்கூடும் என்ற குறைபாட்டுக்காக, 2005ஆம் ஆண்டில் அபொட் என்னும் பெரிய அமெரிக்கக் கம்பனியே உலகளாவிய எச்சரிக்கை விட நேர்ந்தது. படித்த நாடுகளின் படித்த நோயாளரும் 9.4ஐக் கண்டு மயங்கத்தக்கவரே.

இந்தச் சிறு பொறி மனிதன் கைக்கு வந்த சரித்திரம் நெடியது. நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்டு நோயை அறிந்தவர் நம் பழைய வைத்தியர். 1776இல் மத்தியூ டொப்சன் என்னும் ஆங்கிலேய வைத்தியர் அச்சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சியது சீனியே என்று காட்டினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஸ்ரான்லி பெனடிக்ற் ஒரு நீலக் கரைசலை ஆக்கினார். அதிற் சில துளி சிறுநீரை விட்டுக் கொதிக்க வைத்தால், சீனி இல்லையெனில் நீலம் நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என ஏறிச் செங்கல் நிறத்தில் முடியும். நமது பாடசாலை இரசாயனக் கூடங்களிற் பயின்றோர் அந்நிறங்களை மறந்திரார். ஆனால் சிறுநீர் காலந்தாழ்த்தியே சாட்சி சொல்லும். குருதியிற் சீனி சுமார் 180ஐக் கடந்த பின்னரே அது சிறுநீரிற் கசியும். சீனி அளவுக்கு மீறிக் குறைந்து நோயாளி மயங்கும் ஆபத்தைச் சிறுநீர் ஒருபோதும் சொல்லாது.

குருதியையே நோக்கும் கீற்று 1960களின் நடுவில் வந்தது. அமெரிக்காவின் எல்கார்ட் நகரிலுள்ள ஏம்ஸ் கம்பனியின் 'டெக்ஸ்ரோஸ்ரிக்ஸ்' அது. கீற்றிலே குருதியை இட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, நீரினாற் கழுவி, நிறத்தைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குக் கண் நிறம் வேறுபடுமாதலின், நிறத்தின் ஒளித்தெறிப்பை அளந்து எண்ணாகக் காட்டும் மானியை அன்ரன் கிளெமென்ஸ் என்பவர் அமைத்தார். 1970இல் விற்பனைக்கு வந்த அம்மானி ஒரு கிலோவுக்கு மேற்பட்ட நிறையுடையது. விலை பல நூறு டொலர். வைத்தியருக்கும் வைத்தியசாலைகளுக்குமே அது விற்கப்பட்டது. நோயாளி தன் குருதியைத் தானே அளப்பது ஆகாத காரியம் என்று வைத்திய உலகம் கருதியிருந்தது.

அந்த வேலியைத் தாண்டியவர் ரிச்சட் பேர்ன்ஸ்ரைன் என்ற பொறியியலாளர். பன்னிரண்டு வயது முதல் நீரிழிவால் வாடியவர் அவர். மனைவி வைத்தியராக இருந்தமையால், அவர் பெயரில் ஒரு மானியை வாங்கி, நாளொன்றுக்குப் பலமுறை தம் குருதியைச் சோதித்து, உணவும் மருந்தும் சீனியை எவ்வாறு ஏற்றி இறக்குகின்றன என்பதைத் தம் உடலிலேயே கண்டறிந்தார். கண்டதை எழுதினார்; வைத்திய சஞ்சிகைகள் ஏற்கவில்லை. நாற்பத்தைந்தாம் வயதில் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து, வைத்தியராகவே வெளிவந்து பேசினார். 1980களில் மானி சிறுத்தது, விலை இறங்கியது, வீடுகளுக்குள் நுழைந்தது. ஒரு நோயாளி தன் நோயின் அளவைத் தானே அறியும் உரிமையைப் பெற்றான் என்பது சிறிய காரியமன்று.

இந்த உரிமையின் பெறுமதியை ஐயத்துக்கு இடமின்றி நாட்டியது 1993ஆம் ஆண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 29 நிலையங்களில் 1,441 நோயாளரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த பெருஞ் சோதனையின் முடிவு அவ்வாண்டில் வெளியாயிற்று. நாளுக்கு நான்கு முறையேனும் குருதியைச் சோதித்து, அதற்கேற்ப இன்சுலினை அமைத்துக்கொண்டோருக்குப் புதிதாக விழித்திரை நோய் தோன்றும் அபாயம் 76 வீதம் குறைந்தது. கண்ணைக் காப்பது விரல் நுனியிற் குத்தும் ஊசியே என்று உலகம் அறிந்துகொண்டது.

அதே 1993இல் அரியாலையின் நிலை யாது? 1990 நடுப்பகுதியில் யுத்தம் மீண்டும் மூண்டபோது குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை விழுந்தது. எரிபொருள், சீமெந்து, உரம் என்பவற்றோடு உலர் பெட்டறியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. மின்சாரம் அற்றுப்போயிற்று. ஜாம் போத்தலுக்குள் திரியிட்டுச் சொட்டு மண்ணெண்ணெயில் பிள்ளைகள் படித்தனர். செய்தி கேட்க விரும்பியோர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவில் வானொலியை இயக்கினர். இவ்வாறிருக்க, பெட்டறியில் இயங்கும் சீனிமானி எங்ஙனம் வரும்? வந்தாலும் எங்ஙனம் இயங்கும்? குளிர்சாதனப் பெட்டி இயங்காத ஊரில் இன்சுலினைக் காப்பதே பெரும்பாடு. நனைந்த மணலும் மண்பானையும் தரும் குளிர்ச்சியே ஏழை நாடுகளில் அதற்குக் கிடைத்த வழி. நிறம் பார்க்கும் பழைய சோதனைக்கோ பெட்டறி வேண்டுவதில்லை. ஒரு நூற்றாண்டின் விஞ்ஞானம் உலகில் முன்னே போக, நம்மவர் பின்னே தள்ளப்பட்டனர். பெட்டறியைத் தடுத்தவன் கண்ணோட்டத்தில் அது வெடிபொருளுக்குரிய உறுப்பு. அதன் மறுபக்கத்தில் எத்தனை கண்கள் இருந்தன என்று கணக்கெடுத்தவர் இல்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுதும் எழுந்து நடந்தது. மழைக்குள்ளே, கண்டி வீதியால், அரியாலையூடாக, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் நோக்கி இலட்சக்கணக்கானோர் நகர்ந்தனர். அக்கூட்டத்தில் நீரிழிவு நோயாளரும் நடந்தனர் என்பதை எவரும் சொல்லி அறியவேண்டியதில்லை. அரியாலை வீடுகளில் இன்று காணும் மானிகளுட் பல, அந்நாளிலும் அதற்கு முன்பின்னும் புலம்பெயர்ந்த பிள்ளைகள் அனுப்பியவை. யுத்தமே அவற்றைத் தடுத்தது. யுத்தம் விரட்டிய பிள்ளைகளே பின்னர் அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தனர்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரியத்துக்கு வருகிறேன். ஒரு மானி பழுதுடையதென்று பின்னாளிற் கண்டால், செய்தவன் அதனை மீளப்பெற்று மாற்றித் தரவேண்டும் என்பது நியதி. அந்நியதி எவ்வாறு நடைபெறுகிறது என்பதற்கு ஒரு வழக்கே சான்று.

ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனத்தின் துணைக் கம்பனியான லைஃப்ஸ்கான், 1996இல் 'ஷுவர்ஸ்ரெப்' என்ற மானியைச் சந்தைக்கு விட்டது. குருதிச் சீனி 500ஐயும் கடந்து உயிராபத்தான நிலையை அடையும்போது, 'உயர்வு' என்பதைக் குறிக்கும் 'எச்.ஐ.' என்ற இரு எழுத்துக்களை அது காட்டவேண்டும். சில மானிகளோ அதற்குப் பதிலாக 'ஈ.ஆர். 1' என்று பிழைக் குறியைக் காட்டின. நோயாளி என்ன நினைப்பான்? கீற்றிலே பிழை, அல்லது என் கையிலே பிழை என்று எண்ணி மறுபடி முயல்வான், வைத்தியசாலைக்கு ஓடமாட்டான். கீற்றை முற்றாக உட்செலுத்தாவிடின் உள்ளதிலும் குறைவான எண் தோன்றும் என்ற குறையும் அதற்கு இருந்தது. இக்குறைகளைக் கம்பனி அறிந்திருந்தது. அறிந்தும் அரசாங்கத்துக்குச் சொல்லவில்லை, வாங்குவோருக்கும் சொல்லவில்லை. 1997 ஆகஸ்ற்றுக்கு முன் செய்யப்பட்ட மானிகள் 1998இல் மீளப்பெறப்பட்டன. 2000 டிசம்பரில் கலிபோர்னிய நீதிமன்றில் கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. குற்றப்பணமும் சிவில் தீர்வுமாகச் சேர்ந்து 60 மில்லியன் டொலர் செலுத்தியது.

அறுபது மில்லியன் பெரிய தொகை என்று வியப்பவர், மானி வியாபாரத்தின் இரகசியத்தை அறியாதவர். மானியை மலிவாகவோ இலவசமாகவோ கொடுப்பர். அதற்குப் பொருந்தும் கீற்றை நோயாளி ஆயுள் முழுதும் வாங்கவேண்டும். ஒரு கம்பனியின் கீற்று மற்றதன் மானியில் ஏறாது. இலாபம் ஊறும் கிணறு கீற்றிலே இருக்கிறது. 2022இல் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றி மருந்துகளுக்கே பஞ்சம் வந்தபோது, இறக்குமதிப் பொருளையே நம்பி வாழும் நோயாளியின் கதி என்னவென்று நாம் கண்டோம்.

நீதிமன்றத்துக்குப் பின் எல்லாம் திருந்திற்று என்று சொல்வதற்கில்லை. 2013 மார்ச்சில் அதே கம்பனி 'வன்ரச் வெரியோ ஐக்யூ' என்ற மானியை மீளப்பெற்று இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. சீனி 1,024ஐ எட்டினால் எச்சரிக்கை காட்டுவதற்குப் பதிலாக அது தானே அணைந்துவிடும் என்பது குறை. இம்முறை அவர்களே முன்வந்து சொன்னார்கள் என்பதையும் நேர்மையாகக் குறிக்கவேண்டும்.

ஆனால் அந்த அறிவித்தல் யாருக்குச் சென்றது? மானியை வாங்கிப் பதிவுசெய்தவருக்கு. பதிவு எங்கே இருக்கிறது? ரொறன்ரோவிலே, ஒரு பாமசியின் கணக்கிலே, மகனின் விலாசத்திலே. மகன் வீடு மாறியிருப்பான். அல்லது கடிதத்தை விளம்பரம் என்று எண்ணி எறிந்திருப்பான். கட்டணமின்றி அழைக்கத் தரப்படும் தொலைபேசி இலக்கம் பெரும்பாலும் அந்நாட்டு எல்லைக்குள்ளேதான் பயன்படும். அறிவித்தல் ஆங்கிலத்தில் இருக்கும். மானியோ அரியாலையில், அலுமாரியின் மேற்றட்டில் இருக்கிறது. நம் நாட்டிலே 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்த் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை உண்டு. மருத்துவ உபகரணங்களைப் பதிவுசெய்வதும் அதன் கடமை. எனினும் பயணப் பெட்டிக்குள் வந்த மானி எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

ஆகவே அலுமாரியில் உள்ளதை உடையவரே ஆராயவேண்டியிருக்கிறது. மானியின் பின்புறத்தில் அதன் மாதிரிப் பெயரும் தொடரிலக்கமும், கீற்றுப் போத்தலில் தொகுதி இலக்கமும் முடிவுத் திகதியும் அச்சிடப்பட்டிருக்கும். இவற்றை ஒரு கொப்பியில் எழுதி, ஒரு பிரதியை வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கும் அனுப்பினால், கம்பனியைக் கேட்டறிவது அவருக்கு இலகு. மீளப்பெறும் பட்டியலில் இருப்பதாகத் தெரிந்தால் மாற்றுமானி வரும்வரை சோதனையைக் கைவிடுதல் தவறு. கிளினிக்கிலோ ஆய்வுகூடத்திலோ பார்த்துக்கொள்ளவேண்டும். தாகமும் சோர்வும் மிகுந்திருக்க மானி நல்ல எண்ணைக் காட்டினால், உடம்பையே நம்பி வைத்தியரிடம் போகவேண்டும். மானியோடு வரும் சோதனைத் திரவத்தின் ஒரு துளியைக் கீற்றிலிட்டு, போத்தலிற் குறித்த எல்லைக்குள் எண் வருகிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி. அத்திரவப் போத்தலைத் திறக்காமலே வைத்திருப்போர் பலர். அது எதற்கென்று அவர்களுக்கு ஒருவரும் தமிழிற் சொல்லவில்லை.

துப்புரவு செய்தலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். மானியை மாற்றிப் பெற்றாலும் அழுக்கான மானி பிழையாகவே பேசும். ஒளியைக் கொண்டு அளந்த பழைய மானிகளில் ஒளிப்பலகணியிற் குருதிக் கறை படிந்தாலே எண் கெட்டுவிடும். இன்றைய மானிகள் மின்னோட்டத்தை அளப்பவை. இவற்றிற் கீற்று நுழையும் துவாரத்துக்குள் நீரோ குருதியோ போகலாகாது. கீற்றை அகற்றி, மானியை அணைத்து, ஈரம் சொட்டாத துணியால் வெளிப்புறத்தைத் துடைக்கவேண்டும். அழுக்கை நீக்குவது ஒரு வேலை. கிருமியைக் கொல்வது பிறிதொரு வேலை. முன்னதைச் செய்யாமற் பின்னது பயன் தராது. கிருமி நீக்க எந்தத் திரவத்தைப் பாவிக்கலாம் என்பது மானிக்கு மானி வேறுபடும். ஸ்பிரிட் சில மானிகளின் திரையை மங்கச் செய்யும். கூடவரும் பிரசுரம் எதைச் சொல்கிறதோ அதையே கொள்ளவேண்டும்.

கையைக் கழுவுவது மானியைக் கழுவுவதிலும் முக்கியம். கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை உரித்த விரலைக் கழுவாமற் குத்தினால், பழத்தின் சீனியையும் சேர்த்தே மானி அளக்கும். ஸ்பிரிட் பஞ்சாற் துடைப்பது அதற்குப் போதாது என்று ஆராய்ந்து கண்டிருக்கின்றனர். சவர்க்காரமும் நீரும் வேண்டும். பின்னர் ஈரமும் உலரவேண்டும். ஒருவரின் ஊசியை மற்றவர் தொடலாகாது. நம் ஊரில் ஒரு மானி ஒரு வீட்டுக்கு மாத்திரம் உரியதாய் இருப்பதில்லை; அயல் வீட்டு அக்காவும் பின்வளவு ஐயாவும் காலையில் வந்து பார்த்துப் போவர். இந்தப் பகிர்வு நம் சமூகத்தின் நல்ல குணம். எனினும் 2003, 2004ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மிசிசிப்பி, வட கரோலினா, லொஸ் ஏஞ்சலிஸ் பகுதிகளில் முதியோர் பராமரிப்பு நிலையங்களில் ஈரல் அழற்சி 'பி' நோய் பரவியதற்குக் குருதிச் சீனி பார்க்கும் முறையிலிருந்த துப்புரவின்மையே வழியாயிற்று. உலர்ந்த குருதிக் கறையிலும் அக்கிருமி ஏழு நாளேனும் உயிரோடிருக்கும். இரு வீட்டார் ஒரு மானியைப் பாவிப்பின் ஊசியும் ஊசித் தண்டும் தனித்தனியாக இருக்கவேண்டும். மானியை ஒவ்வொரு முறையும் துடைத்துக் கிருமி நீக்கவேண்டும். அது இயலாதெனில் ஆளுக்கொரு மானியே நன்று.

மேலே சொன்னவற்றில் ஒன்றேனும் கடினமான விஞ்ஞானமன்று. பின் ஏன் அரியாலைக் கிழவிக்கு அது எட்டவில்லை? இந்த மண்ணிலேயே அதற்கு மறுமொழி சொன்ன ஒருவர் இருந்தார். 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் ஆங்கிலத்தில் வைத்தியம் கற்பித்து, பின்னர் 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலான நூல்கள் அம்முயற்சியின் பேறு. அவர் நோக்கத்தில் மதப்பிரசாரமும் கலந்திருந்தது, அதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் ஆங்கிலம் கற்றவன் பட்டினத்துக்கு உத்தியோகத்துக்குப் போவான், தமிழிற் கற்றவனே கிராமத்தில் இருப்பான் என்று அவர் கண்ட உண்மை இன்றும் உண்மையே. ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, உடற்கூற்றியலையே தமிழாக்கிய அம்மண்ணில், தீப்பெட்டியளவு மானிக்குத் தமிழிற் பிரசுரம் இல்லை.

மொழி ஒரு பாதி; பொறுப்பு மறு பாதி. பேராசிரியர் சேனக பிபிலே, சமசமாஜக் கட்சியைச் சேர்ந்தவர், கம்யூனிஸ்ற் தலைவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து 1971இல் மருந்துக் கொள்கை அறிக்கையைத் தந்தார். அதன் பயனாய் அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. வியாபாரப் பெயர்களை ஒதுக்கி, மருந்தின் உண்மைப் பெயரில், ஓரிடத்திலிருந்து கேள்விமுறையில் வாங்குவதே அவர் வழி. அது விலையைக் குறைத்தது என்று மாத்திரமே பலரும் புகழ்வர். நான் வேறொன்றையும் காண்கிறேன். ஓரிடத்தில் வாங்கினால், வாங்கிய பொருள் எந்தக் கிளினிக்குக்குப் போயிற்று என்ற கணக்கு ஓரிடத்தில் இருக்கும். பழுது கண்டால் அரசாங்கமே அதனைத் தேடிச் சென்று திருப்பி எடுக்கலாம். 1977இன் பின் இறக்குமதி மீண்டும் தனியாரிடம் திறந்துவிடப்பட்டது. பிபிலே அவ்வாண்டிலேயே கயானாவில் மறைந்தார். மாதாந்தக் கிளினிக்குக்கு வரும் நோயாளருக்கு அரசாங்கமே மானியும் கீற்றும் கொடுத்திருக்குமாயின், தொடரிலக்கம் கிளினிக் கொப்பியிலேயே எழுதப்பட்டிருக்கும். மீளப்பெறும் செய்தியும் அடுத்த கிளினிக் நாளில் தாதியின் வாயாலே தமிழில் வந்திருக்கும்.

பெரியதாயாரின் மானிக்கு என்ன நடந்தது என்று வாசகர் கேட்கலாம். தொடரிலக்கத்தை லண்டனுக்கு அனுப்பினோம். அது பழுதான தொகுதியைச் சேர்ந்ததன்று என்று பதில் வந்தது. அதன் பின்புறத்தில் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டி, '18ஆல் பெருக்கவும்' என்று மையால் எழுதினேன். பெரியதாயார் பெருக்கலில் வல்லவரல்லர். ஆதலின் பின்வளவுப் பிள்ளை, பத்தாம் வகுப்பிற் படிப்பவள், பள்ளிக்கூடம் போகுமுன் வந்து பெருக்கிச் சொல்லிவிட்டுப் போகிறாள். சோதனைக்கு முன் பெரியதாயார் சவர்க்காரமிட்டுக் கை கழுவினாரா என்றும் அவளே விசாரிக்கிறாள்.